வானிலைச் செய்மதிப் படங்கள்: எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சிவப்பும் மஞ்சளுமாகச் செய்மதிப் படங்கள் வந்து குவியும். ஒருவர் அனுப்புவார், நாலு பேர் பயப்படுவார்கள், பிறகு "இது என்ன படம், இதை நம்பலாமோ" என்று என்னிடம் வருவார்கள். கடற்றொழிலுக்குப் போகிறவர்கள், வெங்காயம் நட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், கனடாவில் இருந்துகொண்டு இங்கே தனியே இருக்கிற அம்மாவை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

செய்மதி எங்களுக்கு மேல அப்பிடியே அசையாம நிக்குதோ?

நிற்கவில்லை, செக்கனுக்கு 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே சுற்றும் ஒரு பொருள் ஒரு சுற்றை முடிக்க 23 மணி 56 நிமிடம் எடுக்கும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் அதே நேரம்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்தே திரும்புவதால் கீழே நிற்கிற எங்களுக்கு அது ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது.

இந்த உயரத்தில் செய்மதிகளை வைத்துத் தொலைத்தொடர்பு நடத்தலாம் என்று 1945 இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிறகு இலங்கைக்கே வந்து குடியேறி, 2008 இல் கொழும்பில் காலமானார். எங்கள் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பூமி இழுக்குது தானே, ஏன் விழேல்ல? எரிபொருள் முடிஞ்சா விழுமோ?

பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பக்கவாட்டில் ஓடுகிற வேகமும் அந்த இழுவையும் சரியாகப் பொருந்துவதால் கீழே வராமல் வளைந்து சுற்றுகிறது. சுற்றுவதற்கு எரிபொருளே தேவையில்லை.

எரிபொருள் வேறொரு வேலைக்கு. சந்திரனும் சூரியனும் இழுப்பதால் செய்மதி கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும், அதைத் திருத்தி வைக்கச் சிறிய உந்துகளை இயக்க வேண்டும். அந்த எரிபொருள் தீரப்போகிறது என்றால், மிச்சத்தை வைத்துச் சில நூறு கிலோமீற்றர் இன்னும் மேலே தள்ளிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எங்கள் தலையில் விழும் என்ற பயம் வேண்டாம்.

நேரா யாழ்ப்பாணத்துக்கு மேலயே ஒண்டை நிப்பாட்டினா என்ன?

முடியாது. எந்தச் சுற்றுப்பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், ஆகவே ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிய வேண்டுமானால் அது பூமத்திய கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் அதிலிருந்து 9.7 பாகை வடக்கே இருக்கிறது. பாதையைச் சரித்து வைத்தால் செய்மதி நாளுக்கு ஒருதரம் வடக்கும் தெற்குமாக ஆடத் தொடங்கிவிடும்.

ஆனால் எங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. நாங்கள் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், கிழக்கு நெடுங்கோடு 82 பாகையில் இருக்கும் செய்மதி எங்கள் வானத்தில் 78 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூரைகளில் உள்ள டிஷ்களைப் பாருங்கள், பல டிஷ்கள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். லண்டனில் சொந்தக்காரர் வீட்டு டிஷ் சுவரில் நிமிர்ந்து நின்று தெற்கே பார்க்கும். அங்கிருந்து தெரிகிற இப்படியான செய்மதிகள் தெற்கு வானில் தாழ்வாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தை எந்தெந்தச் செய்மதி பாக்குது? எதின்ட படம் நல்லது?

இலங்கைக்குச் சொந்தமாக வானிலைச் செய்மதி கிடையாது, மற்ற நாடுகளின் படங்களைத்தான் பார்க்கிறோம். இந்தியாவின் இன்சாட் வரிசை 74 பாகையிலும் 82 பாகையிலும் இருக்கிறது. 2016 இல் ஏவிய இன்சாட்-3டிஆரும் 2024 பெப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ்ஸும் அந்த வரிசைதான். ஐரோப்பாவின் மெற்றியோசாட்-9 இந்து சமுத்திரத்துக்காக 45.5 பாகையில் இருக்கிறது. ஜப்பானின் ஹிமவாரி-9 கிழக்கே 140.7 பாகையில். சீனாவின் பெங்யுன் செய்மதிகளும் எங்களைப் பார்க்கின்றன.

ஹிமவாரியின் படம் கூர்மையானது, 10 நிமிடத்துக்கு ஒன்று வரும், அதனால் பலருக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அது எங்களை மிகவும் சரிவாகப் பார்க்கிறது. எங்கள் வானத்தில் அது 21 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. இதனால் 15 கிலோமீற்றர் உயரமான இடிமுகிலின் உச்சி, படத்தில் உண்மையான இடத்தைவிட ஏறத்தாழ 40 கிலோமீற்றர் மேற்கே தள்ளித் தெரியும். அதாவது வடமராட்சி கிழக்குக் கடலுக்கு மேல் இருக்கிற முகில் யாழ்ப்பாண நகருக்கு மேல் இருப்பதாகப் படம் காட்டும். 82 பாகையில் உள்ள செய்மதியில் இதே பிசகு 3 கிலோமீற்றர் அளவுதான். முகில் எங்கே இருக்கிறது என்று பார்க்க இன்சாட், எப்படி வளர்கிறது என்று பார்க்க ஹிமவாரி. நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

எங்கட போன் கமரா மாதிரி ஒரே 'கிளிக்' தானோ?

இல்லை. ஒரு கண்ணாடி பூமியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை வரிசை வரிசையாகத் துழாவி ஒளியை உணரிகளுக்கு அனுப்பும். முழுப் பூமியையும் துழாவி முடிக்க ஹிமவாரிக்கு 10 நிமிடம், மெற்றியோசாட்டுக்கு 15, இன்சாட்டின் கருவிக்கு 26 நிமிடம் அளவில் தேவை. ஆகவே ஒரே படத்தின் வடக்கு விளிம்பும் தெற்கு விளிம்பும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல.

இதன் தொடக்கம் 1966 மார்கழியில் ஏவிய ஏரிஎஸ்-1 செய்மதி. செய்மதி பம்பரமாகச் சுழல, ஒவ்வொரு சுழற்சிக்கும் பூமியின் ஒரு கீற்றைப் படம்பிடிக்கும் கமராவை வேர்னர் சுவோமி என்ற அமெரிக்க விஞ்ஞானி அதற்காக உருவாக்கினார். ஒரே இடத்தின் முகில்கள் ஊர்ந்து போவதைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது அப்போதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1964 மார்கழியில், வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தபோது இப்படி ஒரு கண் எங்களுக்கு மேலே இருக்கவில்லை.

ராத்திரியிலயும் படம் வருதே, இருட்டில எப்பிடித் தெரியுது?

இந்தக் கேள்விக்கான பதிலை ஆறுதலாக வாசியுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. செய்மதியில் ஒன்றல்ல, பல அலைவரிசைகள் உண்டு. இன்சாட்டின் படக் கருவியில் 6, மெற்றியோசாட்டில் 12, ஹிமவாரியில் 16. அவற்றில் சில சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புவதைப் பார்ப்பவை, அந்தப் படங்கள் பகலில் மட்டும்தான் வரும், பின்னேரம் ஆக ஆகக் கிழக்கிலிருந்து இருண்டுகொண்டே போகும்.

மற்றவை அகச்சிவப்பு. கடலும் நிலமும் முகிலும் தங்கள் வெப்பநிலைக்கு ஏற்ப எந்த நேரமும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகின்றன, அதற்கு வெயில் தேவையில்லை. 11 மைக்ரோமீற்றர் அளவான அலைநீளத்தில் காற்று அந்தக் கதிரைப் பெரிதாக மறிப்பதில்லை, ஆகவே அது செய்மதிவரை போய்ச் சேரும். எவ்வளவு கதிர் வந்தது என்பதிலிருந்து அதை விட்ட பரப்பின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். எங்கள் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மேலே போகப் போகக் காற்று குளிரும், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகை. 15 கிலோமீற்றருக்கு வளர்ந்த இடிமுகிலின் உச்சி பூச்சியத்துக்குக் கீழே 70 பாகைக்கும் இறங்கிவிடும். ஆக, அகச்சிவப்புப் படம் என்பது உண்மையில் ஒரு வெப்பநிலைப் படம். குளிரானதை வெள்ளையாகவும் சூடானதைக் கறுப்பாகவும் காட்டுவது வழக்கம், முகில் முகிலாகத் தெரியவேண்டும் என்பதற்காக.

சிவப்பா இருந்தா பெருமழை எண்டுதானே அர்த்தம்?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் பயத்தைக் கிளப்புவதும் இதுதான். சிவப்பு மழை அல்ல. முகில் உச்சி இவ்வளவு குளிர் என்று காட்ட மனிதர்கள் பூசிய நிறம், ஒவ்வொரு இணையத்தளமும் ஒவ்வொரு விதமாகப் பூசும். ஒன்றில் சிவப்பாக இருப்பது இன்னொன்றில் ஊதாவாக இருக்கும். படத்தின் ஓரத்தில் உள்ள நிற அளவுகோலைப் பார்க்காமல் நிறத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

செய்மதி முகிலின் தலையைத்தான் பார்க்கிறது. மேலிருந்து கலியாணப் பந்தலின் கூரையைப் பார்க்கிறவருக்கு உள்ளே எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது. பெரிய இடிமுகில் உச்சியில் விரிந்து, மேல்மட்டக் காற்றில் நூறு இருநூறு கிலோமீற்றர் தூரத்துக்குத் தாளாகப் பரவும். படத்தில் அதெல்லாம் ஒரே சிவப்பு, கீழே பல இடங்களில் ஒரு துளிகூட விழாது. மறுபக்கமும் உண்டு. மாரிகாலத்தில் வடகீழ்க் காற்றோடு கடலிலிருந்து வருகிற தாழ்ந்த முகில்கள் விடாமல் பெய்யும். அவற்றின் உச்சி அவ்வளவு குளிராக இருக்காது, படத்தில் வெறும் சாம்பல் நிறம்தான். வயலெல்லாம் நிரம்பிவிடும், படமோ ஒன்றுமில்லை என்கிற மாதிரி இருக்கும்.

எது பெய்கிற முகில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி, காலையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வெயில் சரிவாக விழும்போது வெளிச்சப் படத்தில் வளர்கிற முகில் புடைத்து, குமிழ் குமிழாக, மேற்குப் பக்கம் நிழல் விழுத்திக்கொண்டு நிற்கும். வெறும் மேல்முகில் நார் நாராக, கீழே கடல் மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கும். அகச்சிவப்பில் இரண்டும் ஒரே நிறமாக வந்திருக்கலாம்.

'வோட்டர் வேப்பர்' எண்டு ஒரு படம் வருதே, முகிலே இல்லாத இடமும் வெள்ளையா இருக்கு?

6 முதல் 7 மைக்ரோமீற்றர் அளவில் நீராவியே கதிரை உறிஞ்சிவிடும். அதனால் அந்தப் படத்தில் நிலமோ கடலோ தெரியாது, சில கிலோமீற்றர் உயரத்துக்கு மேலே உள்ள ஈரப்பதன்தான் தெரியும். அந்த ஈரம் கூடிய இடம் முகில் இல்லாவிட்டாலும் வெள்ளையாக வரும், கறுப்பாக இருந்தால் அங்கே மேல்மட்டக் காற்று வறண்டிருக்கிறது. புயல் ஒன்றைச் சுற்றிக் கறுப்பு வளைந்து உள்ளே நுழைவதைக் கண்டால் அது பலம் குறைய வாய்ப்புண்டு என்று வானிலையாளர்கள் பார்ப்பார்கள். அடிமட்ட ஈரத்தை இது காட்டாது, கறுப்பாக இருக்கிற நாளிலும் எங்கள் ஊரில் தூறலாம்.

கூகிள் மேப்பில வீட்டுக் கூரையே தெரியுது, இதில யாழ்ப்பாணமே ஒரு புள்ளி. ஏன்?

கூரையைக் காட்டுகிற செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில்தான் பறக்கின்றன, இவை 36,000 கிலோமீற்றரில். இன்சாட்டின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீற்றர் அகலம், வெளிச்சப் படத்தில் 1 கிலோமீற்றர். முழு நெடுந்தீவும் அகச்சிவப்பில் மூன்று நான்கு புள்ளிகளுக்குள் முடிந்துவிடும். ஆகவே "எங்கட ஒழுங்கைக்கு மேல சிவப்பு நிக்குது" என்று படத்தைப் பெருப்பித்துப் பார்ப்பதில் பயனில்லை.

அப்ப கிட்டப் பறக்கிறதையே வச்சிருக்கலாம் தானே?

அவையும் இருக்கின்றன. துருவங்களைச் சுற்றும் வானிலைச் செய்மதிகள் 800 கிலோமீற்றர் அளவு உயரத்தில் 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும், ஆனால் ஒரு செய்மதி எங்கள் தலைக்கு மேலால் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தரம்தான் போகும். நடுவில் உள்ள பல மணி நேரத்தில் ஒரு முகில் பிறந்து, பெய்து, கலைந்தே போய்விடும்.

அவற்றில் ஒரு பெரிய வசதி உண்டு, மைக்ரோவேவ். அந்த அலை முகிலுக்குள் புகுந்து மழைத்துளியையும் பனிக்கட்டியையும் உணரும், நான் மேலே சொன்ன பந்தல் கூரைச் சிக்கல் அதற்குப் பெரிதாக இல்லை. இதை ஏன் 36,000 கிலோமீற்றரில் வைக்கவில்லை என்றால், அலைநீளம் கூடக்கூட அதே தெளிவுக்கு அன்ரெனாவும் பெருக்க வேண்டும், அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க மிகப் பெரிய அன்ரெனா தேவைப்படும். அதனால் மழைக் கணிப்புகளில் இரண்டையும் கலக்கிறார்கள். மைக்ரோவேவ் அளவை அவ்வப்போது எடுத்து, இடைவெளியை 36,000 கிலோமீற்றரில் நிற்கிற புவிநிலைச் செய்மதியின் அகச்சிவப்பால் நிரப்புவார்கள்.

வட்ஸ்அப்பில வாற படம் எத்தனை மணிக்கு எடுத்தது எண்டு எப்பிடி அறியிறது?

படத்தின் ஓரத்தில் திகதியும் நேரமும் இருக்கும். அந்த நேரம் எங்கள் நேரம் அல்ல, கிரீன்விச் நேரம். அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். 0000 என்றால் எங்களுக்கு விடிய 5.30, 1200 என்றால் பின்னேரம் 5.30, 2100 என்றால் அடுத்த நாள் விடியப்புறம் 2.30. ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பிய படமென்றால் எதற்கும் எடுக்காதீர்கள். போன வருடப் புயலின் படம் ஒவ்வொரு கார்த்திகையிலும் புதிதாக வருகிறது, அதைப் பார்த்துப் பயந்து தோணியை இழுத்து ஏற்றி, ஒரு நாள் உழைப்பை இழந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

புயலுக்குக் கண் தெரியேல்ல எண்டா பலமில்லை எண்டுதானே?

காற்றைப் பொறுத்தவரை ஓரளவுக்குச் சரி. வங்காள விரிகுடாவுக்குள் விமானம் அனுப்பிப் புயலை அளப்பது வழக்கமில்லை, ஆகவே முகிலின் வடிவத்தைப் பார்த்துத்தான் பலத்தைச் சொல்கிறார்கள். வேர்னன் டுவோராக் 1970களில் வகுத்த முறை அது: முகில் பட்டை எவ்வளவு தூரம் சுற்றி வளைந்திருக்கிறது, கண் இருக்கிறதா, கண் எவ்வளவு சூடு, சுற்றியுள்ள முகில் எவ்வளவு குளிர் என்று பார்த்து 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுப்பார்கள்.

ஆனால் மழைக்கு இது பொருந்தாது. 2020 மார்கழியில் புரெவி கண்ணே இல்லாமல் வந்து, மன்னார் வளைகுடாவில் அசையாமல் கிடந்து, யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் விட்டது. 2025 கார்த்திகையில் வந்த டித்வா காற்றின் வேகத்தில் பெரிய புயலே அல்ல, ஆனால் மலைநாட்டில் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. எங்கள் நாட்டில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். மெதுவாக ஊர்கிற, வடிவமில்லாத முகில் கூட்டத்தைத்தான் நான் அதிகம் பயத்தோடு பார்ப்பேன்.

மார்ச் மாதத்தில சில நாள் படம் விட்டு விட்டு வருதே, பழுதோ?

பழுதில்லை. மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி இரவும் பகலும் சமனாகிற காலத்தில், அந்தச் செய்மதிகள் நிற்கிற இடத்து நடுச்சாமத்தில் பூமியின் நிழல் அவற்றின் மேல் விழும், அதிகமாக 72 நிமிடம்வரை. அப்போது வெயில் இல்லாததால் மின்கலத்தில்தான் ஓட வேண்டும், சூரியன் பூமியின் விளிம்புக்குக் கிட்ட வந்து கருவிக்குள் வெளிச்சம் அடிக்கிற சிக்கலும் உண்டு. அதனால் சில படங்களைத் தவிர்ப்பார்கள்.

காரைக்கால் ரேடார் படம் பாக்கிறன், அது போதாதோ?

அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அது செய்மதியைவிட நல்லது. ரேடார் மழைத்துளியையே பார்க்கிறது, யாழ்ப்பாணமும் காரைக்காலில் இருந்து 140 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் பூமி வளைந்திருப்பதால் தூரம் போகப் போக ரேடாரின் கதிர் உயரே போய்விடும், தாழ்ந்த முகிலின் மழை அதற்குக் கீழால் தப்பிவிடும். நிக்கோபார் பக்கம் உருவாகி நான்கு நாளில் எங்களிடம் வரப்போவதை அது காட்டவே காட்டாது. தூரத்துக்குச் செய்மதி, கிட்டத்துக்கு ரேடார்.

படம் வெறுமையா, முகிலே இல்லை. நாளைக்கு நம்பித் தொழிலுக்குப் போகலாமோ?

இதை மட்டும் வைத்துப் போகாதீர்கள். செய்மதிப் படம் இப்போது இருப்பதைக் காட்டுகிறது, நாளையை அல்ல. கடைசி ஏழெட்டுப் படங்களை ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முகில் எங்கே போகும் என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம், அதற்கு மேலே கணினி மாதிரிகள் வேண்டும். அவையும் இந்தச் செய்மதிகளின் அளவீடுகளை வாங்கித்தான் ஓடுகின்றன.

காற்றும் அலையும் முகிலோடு வரவேண்டும் என்றில்லை. வைகாசி, ஆனியில் சோளகம் அடிக்கிற நாட்களை நினைத்துப் பாருங்கள், வானம் பளிச்சென்று இருக்கும், படத்தில் ஒரு பொட்டு முகில் இருக்காது, பாக்கு நீரிணையில் தோணி நிற்காது. தொலைவில் எங்கோ அடித்த காற்றின் அலை இரண்டு நாள் கழித்துத் தெளிவான வானத்தின் கீழ் வந்து சேருவதும் உண்டு. கடலுக்குப் போவதென்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் என்ன என்று கேளுங்கள். அதில் எச்சரிக்கை இருந்தால், போனில் உள்ள படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்றைக்குப் போக வேண்டாம்.